எபேலி கொண்டுவந்த பல்

கையை நீட்டாமல் இருந்தால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. கத்த வேண்டாம், மண்ணை வாரித் தூற்ற வேண்டாம், எழுந்து போகக்கூட வேண்டாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தில் பின்னியிருக்கிற சிவப்புக் கம்பளி நூலைப் பார்த்தபடி இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், அந்த மனிதர் அங்கேயே கிடப்பார். பெரிய வீட்டில், மரப்பட்டைத் துணி விரித்த கட்டிலில், மீன் பெட்டியிலிருந்து அள்ளிக் கொட்டிய ஐஸுக்கு நடுவில். ராத்து இசிகெலி, ராத்து என்பது பட்டம், நமாரிகித் தீவின் தலைவர், என் புருஷனோடு கூடப் பிறந்த அண்ணன். ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்? காலையிலேயே பெரிய வீட்டுப் படியோரம் தண்ணீர் ஓடி வந்ததை நான் பார்த்தேன், கோழி ஒன்று அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐஸ் வேண்டுமென்றால் மீன் படகு வர வேண்டும். மீன் படகு எப்படி வரும், தலைவர் செத்தால் கடலையே மூடிவிடுகிற ஊர் இது, வலை போடக் கூடாது, தூண்டில் போடக் கூடாது, அவருக்குச் செய்த மரியாதையே அவருக்கு வினையாக வந்து நிற்கிறது. நல்லா வேணும். நல்லா வேணும் உனக்கு. வாய்விட்டுச் சொல்லிவிட்டேனா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ரூசி திரும்பிப் பார்க்கிறாள். என் மகள்தான், ஆனால் அப்பாவின் கண், எதையும் உடனே மன்னித்துவிடுகிற கண். நான் இருமுவது போல இருமிக்கொள்கிறேன். வெயில் ஏறட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அவசரமெல்லாம் அவர்களுக்குத்தான். இந்தத் தீவில் தலைவர்களைப் புதைக்க என்று ஒரு மேடு இருக்கிறது, ஊருக்குப் பின்னால், சவுக்கு மரங்களுக்கு நடுவில், சுற்றிலும் கல் அடுக்கி வெள்ளைக் கிளிஞ்சல் கொட்டிய மேடு. அந்த வம்சத்தில் பிறந்தவர்களையும் குழி வெட்டுகிறவர்களையும் தவிர வேறு யாரும் அதற்குள் போக முடியாது. அவர்களும் மனத்தாங்கலோடு போகக் கூடாது. செத்தவர் மேல் எந்த வீட்டிலாவது தீராத கோபம் இருந்தால், குழி வெட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குத் திமிங்கிலப் பல் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டார் அந்தப் பல்லைக் கையில் வாங்கிவிட்டால் தீர்ந்தது. எல்லாரும் கையைக் குவித்து மூன்று தட்டுத் தட்டுவார்கள், அந்தச் சத்தம் மேடு வரைக்கும் கேட்கும், அப்புறம்தான் அங்கே முதல் வெட்டு விழும். நேற்று முழுக்க வீடு வீடாகப் போனார்கள். வேலித் தகராறு, பன்றித் தகராறு, வேதக் கோயில் பாட்டுக் குழுவில் வந்த தகராறு, எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், எல்லா வீட்டிலிருந்தும் கைதட்டு கேட்டது, நான் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டுதான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கடைசி வீடு என்னுடையது. கடைசியாக வருகிறார்கள் என்றால் பயம் என்று அர்த்தம். இப்போது என் வீட்டுக் கதவோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கருப்புச் சட்டை போட்ட நாலைந்து ஆண்கள், நடுவில் எபேலி. தலைவருக்குப் பதிலாக ஊர்ச் சபையில் பேசுகிறவர் அவர், அவர் குடும்பத்துக்கு அதுதான் தொழில். பெரிய தொந்தி, அதை மடித்துக்கொண்டு தரையில் உட்கார மனிதர் படுகிற பாடு. நான் மேல்கோடியில் உட்கார்ந்திருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவை. இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவோரம்தான் எனக்கு இடம், மீன் முள் போடுகிற பக்கம். இன்றைக்கு அவர்கள் கதவோரம், நான் மேல்கோடி. பச்சையம்மா, பார்த்துக்கொள், இதற்காகத்தானே இத்தனை வருஷம் உயிரோடு இருந்தாய். சடங்கு முடிந்து குடிக்க, யங்கோனா வேரை இடித்த மாவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைகிறார்கள், மர வட்டாவில் அது சேற்றுத் தண்ணீராக ஊறி வருகிறது. பிழிகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

இதே மாதிரி ஒரு பகல்தான் அதுவும். அன்றைக்கு நான் கதவோரம்கூட இல்லை, பெரிய வீட்டுக்கு வெளியே, பலாசு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்தவள். கரும்பு வெட்டுகிற நாளில், ஆண்கள் எல்லாம் தோட்டத்தில் இருக்கும்போது, பெரிய தீவிலிருந்து என் புருஷன் சமிசோனியோடு படகேறி வந்தவள். அப்பா வெட்டுக் கத்தியோடு தேடினார் என்று பிறகு சொன்னார்கள். அம்மா தேடவில்லை. அம்மாவுக்கு முன்பே தெரியும். அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு, மஞ்சளில் தோய்த்துக் காயவைத்திருந்த ஒரு தாலிக் கயிற்றை எடுத்து என் கையில் திணித்தாள். "அந்த ஆம்பள இத கட்டுவானோ மாட்டானோ, நம்ம சனத்துக் கயிறு ஒண்ணு உங்கிட்ட இருக்கட்டும்டி, போ." அவ்வளவுதான் பேசினாள். அவளை நான் மறுபடி பார்க்கவே இல்லை. சமிசோனி கோயிலில் மோதிரம் போட்டார், கயிறு என் துணி மூட்டையிலேயே கிடந்தது. ஆனால் அண்ணன் சம்மதம் இல்லாத கல்யாணம், அதற்கு மன்னிப்புக் கேட்டாக வேண்டும், மன்னிப்புக்குப் பல் வேண்டும். அவருடைய அம்மா சாகும்போது சின்ன மகனுக்கென்று கொடுத்துவிட்டுப் போன பல் ஒன்று இருந்தது, என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், தேன் நிறம், நுனியில் லேசாகக் கீறல். தொங்கவிடுகிற தேங்காய் நார்க் கயிறுதான் இற்றுப்போயிருந்தது. அவர் உட்கார்ந்து புதுசாகப் பின்னினார். பின்னிக்கொண்டே வந்து கடைசியில் நார் பத்தவில்லை. "இந்தா, இத சேத்துக்கோங்க" என்று மூட்டையிலிருந்து அம்மாவின் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். நாரோடு நாராக அதையும் முறுக்கிப் பின்னி, எங்கள் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முனையில் மூன்று முடிச்சும் போட்டார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. "இப்ப ரெண்டு பேருமா மன்னிப்புக் கேக்கறோம்" என்று சிரித்தார். மரத்தடியில் நின்று நான் பார்த்தேன். இசிகெலி அந்தப் பல்லை வாங்கிக் கயிற்றைத் தடவிப் பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், "இது என்ன மஞ்சள்?" என்று கேட்டார், சமிசோனி என் பக்கம் கையைக் காட்டினார், அந்த ஆள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆனால் வாங்கிக்கொண்டார். கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்றுதானே உங்கள் வழக்கம்? நாங்களும் தீர்ந்தது என்று நம்பிச் சோறு தின்றோம், பிள்ளை பெற்றோம்.

"அம்மா," என்கிறாள் ரூசி, உதடு அசையாமல். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் இந்தத் தீவில் தமிழ் தெரியும், சபை நடுவில் பேச வசதி. "அம்மா, கை நீட்டிடுவ இல்ல?" நான் பாயின் நூலையே பார்க்கிறேன். "எம் புருஷன் அங்க மேட்டுல மண்வெட்டியோட நிக்கிறாரும்மா. விடியக்காலையிலருந்து நிக்கிறாங்க." நிற்கட்டும். "நீ வாங்கலன்னா நாளைக்கி எங்க மூஞ்சில யாரு முழிப்பாங்க? நாங்க இங்கதான இருக்கணும்." இருக்க வேண்டியதுதான். நான் இருக்கவில்லையா? அவள் சொல்வது எனக்குத் தெரியாதா. நீட்டிய பல்லை வாங்காமல் விட்ட வீடு இந்தத் தீவில் எப்போதோ ஒன்று இருந்ததாம், அந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் நெருப்புக் கேட்டுக்கூட வரவில்லையாம், வீடு இருந்த இடத்தில் இப்போது பப்பாளி நிற்கிறது. தலைவரையும் மேட்டில் வைக்க முடியாமல், கடைசியில் படகிலேற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோனார்களாம். வேறு தீவுக்கு. யார் யாரோ வம்சத்துக்கு நடுவில், பெயர் தெரியாத மண்ணில். அதை நினைக்க நினைக்க எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், மாங்காய் பார்த்த பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஊறுகிறது. ரூசியின் பிள்ளைகள் இரண்டும் பின்கட்டில் தூங்குகின்றன. அவர்களுக்கும் நெருப்புக் கொடுக்க மாட்டார்களா? கொடுக்க மாட்டார்கள். அதுதான் இடறுகிறது. நினைப்பு நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், அந்தப் பிள்ளைகளிடம் வரும்போது இடறும், மறுபடி சுற்றிக்கொண்டு முதலிலிருந்து வரும். எபேலி தொண்டையைக் கனைக்கிறார். ஆரம்பிக்கப் போகிறார்.

"இந்த வீட்டின் மேல்கோடியில் அமர்ந்திருக்கும் ரூசியம்மாவுக்கு," என்று தொடங்குகிறார். பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஊர், அந்த மட்டில் எங்கள் சனம் மாதிரிதான். அவர்கள் மொழியில்தான் பேசுகிறார், என் தலைக்குள் வந்து விழும்போது அது தமிழாகத்தான் விழுகிறது, இத்தனை வருஷமாகியும் அந்தக் கோளாறு போகவில்லை. "மேட்டில் உறங்கும் எங்கள் மூத்தவர்களின் பெயரால், தலை குனிந்து வந்திருக்கிறோம். பேசுகிற வாய்க்குத் தகுதியில்லை. நீட்டுகிற கைக்குத் தகுதியில்லை." இல்லைதான். அன்றைக்கும் இதே வாய்தானே வந்து சொன்னது. சமிசோனி படகைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான், வாழ்நாள் முழுக்க அடிக்கடி சொல்லுவார், மேட்டில் அப்பாவின் காலடியில் ஒரு ஆள் படுக்க இடமிருக்கிறது, எனக்கு அது போதும் என்று. முந்தின தலைவரின் மகன், கேட்பதற்கு உரிமை உள்ளவர். நான் பிணத்தைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன், எபேலி இதே கதவோரம் வந்து நின்றுகொண்டு, உள்ளே வரக்கூட இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்காரியின் மஞ்சள் நூல் மேட்டு மண்ணைத் தொடக் கூடாது. அதோடு வந்தவளைக் கட்டிக்கொண்டவனும் தொட வேண்டாம்." ரூசி சின்னப் பெண், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன், அவர்தான் பல்லை வாங்கிக்கொண்டாரே என்று. எபேலி தொந்தியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்போது தொந்தி இவ்வளவு இல்லை.

மணலில்தான் புதைத்தோம். கரையோரம், தென்னைகளுக்கு அந்தப் பக்கம், கப்பலில் வந்து செத்த வழிப்போக்கர்களைப் புதைக்கிற இடம். நான் ஒரு குரோட்டன்ஸ் செடி நட்டேன், தலைமாட்டில் அவர் சாப்பிடுகிற எனாமல் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். என் தம்பி பெரிய தீவிலிருந்து ஆள் அனுப்பினான், வந்துவிடு அக்கா என்று. போகவில்லை. எல்லாரும் நான் புருஷன் சமாதியை விட்டு வரமாட்டேன் என்கிறேன் என்று நினைத்தார்கள். அது பாதிதான். நான் போய்விட்டால் அந்த மனிதருக்கு நிம்மதி, அதனால் போகவில்லை. கோயிலுக்குப் போகிற பாதை என் ஜன்னலுக்கு நேராகத்தான் போகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைபிளோடு போகும்போது நான் ஜன்னலில் உட்கார்ந்து அவரையே பார்ப்பேன். ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் இந்தப் பக்கம் திரும்பினதில்லை. ஆனால் என் ஜன்னல் வரும்போது நடை கொஞ்சம் வேகமாகும், அந்த வேகத்தில்தான் நான் வயிறு நிறைந்தேன். அப்புறம் புயல் வந்தது. கூரை போனது, படகுகள் போயின, எல்லாம் போய் விடிந்ததும் நான் கரைக்குத்தான் ஓடினேன். கரையே இல்லை. தென்னை இருந்த இடம், செடி இருந்த இடம், எல்லாம் தண்ணீர், அதுவும் ஒன்றும் நடக்காதது போல அமைதியாக, வெயிலில் மின்னிக்கொண்டு. தட்டு மட்டும் கல்லிடுக்கில் கிடைத்தது. எலும்பு ஒன்று கிடைக்காதா என்று முழங்காலளவு தண்ணீரில் நாள் முழுக்கத் துழாவினேன். மேட்டில் ஒரு கல்கூட அசையவில்லை. உயரத்தில் இருக்கிறதே, அதற்கென்ன. அன்றைக்கு மட்டும்தான் நான் அந்த மனிதர் முன்னால் போய் நின்று கத்தினேன், என் புருஷன் எங்கே என்று. பெரிய வீட்டுப் படியில் நின்றபடி, ஓட்டையான கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "கடல்தானே எடுத்தது, நானா எடுத்தேன்?" என்றார். அந்தக் குரல். அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கு முடிந்தது என்கிற மாதிரி ஒரு குரல். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பதில் வைத்திருக்கிறேன், இன்றைக்கு அது என் மடியில் சும்மா கிடக்கிற இரண்டு கைதான்.

எபேலி பேசிக்கொண்டே போகிறார். "அண்ணன் தம்பிக்கு நடுவில் நடந்ததற்கு, இந்த வீட்டுக் கண்ணீருக்கு, கரையில் நடந்ததற்கு..." பெயர் சொல்லு. என்ன நடந்தது என்று பெயர் சொல்லிச் சொல்லு. சொல்ல மாட்டார், இவர்கள் வழக்கத்தில் மன்னிப்புக்குப் பெயர் கிடையாது, எல்லாம் மூடித்தான் பேசுவார்கள். மடியில் துணிக்குள் வைத்திருந்த பல்லை எடுக்கிறார். வேர்த்திருக்கிறது அவருக்கு. இரண்டு கையிலும் கயிற்றைத் தொங்கவிட்டு முகத்துக்கு நேராகத் தூக்குகிறார். நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், சிவப்புக் கம்பளி நூலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கண் ஒரு நாய், கூப்பிடாமலே போய்விடும். நல்ல நீளமான பல். எண்ணெய் காணாமல் காய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது, யாரோ அவசரத்தில் இன்று காலைதான் கொஞ்சம் தடவியிருக்கிறார்கள், திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. நுனியில் கீறல். எல்லாப் பல்லிலும் கீறல் இருக்கும். கயிறு பழுப்பேறிப் புகை படிந்து கிடக்கிறது. எபேலியின் கட்டைவிரலுக்குக் கீழே கயிற்றின் முனை தொங்கி ஆடுகிறது. முனையில் முடிச்சு. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில். இல்லை. இருக்காது. வெயிலில் கண் மங்குகிறது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எபேலி கையை மாற்றிப் பிடிக்கிறார், கயிறு திரும்புகிறது, முடிச்சு நன்றாகத் தெரிகிறது. தேங்காய் நாரில் அப்படி முடிச்சுப் போட முடியாது, நார் பிய்ந்துகொண்டு வரும். அது நூல். மஞ்சள் போய் மண் நிறமாகிவிட்ட நூல். அம்மா, உன் கயிறு. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த கயிறு. என் காதுக்குள் குப்பென்று சூடு ஏறுகிறது, எபேலியின் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் விழவில்லை.

இவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொண்டுவருவாரா? ஒரு மனிதன் கொடுத்த பல்லை அவன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருவது என்றால் செருப்பால் அடிப்பதற்குச் சமம் இந்த ஊரில், நீ கேட்டதை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பாவம் எபேலி, தொந்தியை மடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தெரியாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். சாவுக்கு வந்த எல்லாத் தீவுக்காரர்களுக்கும் பெரிய வீட்டுப் பெட்டியிலிருந்து பல் எடுத்து எடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோயிருக்கும், கடைசி வீட்டுக்குக் கை விட்டுத் துழாவினால் அடியில் இது ஒன்று கிடந்திருக்கும். அடியில். அதுதான். அதுதான் வந்து குத்துகிறது. வாங்கின பல் ஒரு வீட்டில் தங்காது, கல்யாணத்துக்குப் போகும், சாவுக்குப் போகும், கை மாறி மாறித் தீவெல்லாம் சுற்றும், அது சுற்றினால்தான் வாங்கினது வாங்கினதாக அர்த்தம். இது அந்தப் பெட்டியை விட்டு ஒரு நாள் வெளியே போகவில்லை. வேறொருத்தருக்குக் கொடுக்க அருவருப்பு, என் நூல் இருக்கிறதே. அறுத்து எறியப் பயம், அவருடைய அம்மாவின் பல் ஆயிற்றே. எண்ணெய்கூடத் தடவாமல் பெட்டிக்கு அடியில் போட்டு மேலே மற்றதையெல்லாம் போட்டு மூடிவிட்டார். அப்படியென்றால் அன்றைக்கே அவர் எங்களை மன்னிக்கவில்லை. கைதட்டு, சிரிப்பு, தம்பி என்று தோளில் தட்டினது, எல்லாம் பொய். சமிசோனி அந்தப் பொய்யின் மேல் பாய் விரித்துப் படுத்துச் சிரித்துக்கொண்டே செத்தார். இப்போது நான் வாயைத் திறந்தால் போதும். எபேலி, அந்த முடிச்சைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். இந்த நாலைந்து பேரும் வெட்கத்தில் தரையோடு தரையாக ஒட்டிப்போவார்கள், பெட்டியில் வேறு பல் இல்லை, வேறு தீவில் கடன் வாங்கி வரப் பொழுதில்லை, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, படகேற்றித்தான் கொண்டுபோக வேண்டும் அந்தப் பிணத்தை. அப்புறம் பப்பாளி. ரூசி வீட்டில் பப்பாளி. மறுபடி அங்கே வந்துதான் இடறுகிறது. வாங்கினால் அவர் மேட்டுக்குள் போய்விடுவார், அப்பாவின் காலடியில், அந்த ஒரு ஆள் இடத்தில், என் புருஷன் ஆசைப்பட்ட இடத்தில், நூல் படாத சுத்தமான மண்ணில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வார். கையை வைத்துக்கொண்டு. கையில்... தலைவர்கள் கையில் ஒரு பல்லைக் கொடுத்துத்தானே புதைப்பார்கள்? அந்த உலகத்துக்குப் போகிற வழியில் வேண்டுமென்று. மேட்டுக்குள் போன பல் திரும்பி வராது. தோண்டக் கூடாது, தொடக் கூடாது, உலகம் முடிகிற வரைக்கும் அது அங்கேதான்.

"அம்மா," என்கிறாள் ரூசி. அழுகிறாள் என்று நினைக்கிறேன். எபேலி பேசி முடித்து எத்தனை நேரமாயிற்று என்று தெரியவில்லை. கயிறு ஆடுகிறது, வட்டாவில் யங்கோனாவின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருக்கிறது. மடியிலிருந்து என் கையை எடுக்கிறேன். மரத்துப்போயிருக்கிறது, யாருடைய கையோ போல இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டி வாங்குகிறேன். எபேலியின் தோள் சரிந்து கீழே இறங்குகிறது. எவ்வளவு கனம் இந்தப் பல், மறந்துவிட்டேன். விரலால் முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, அவர் போட்டது, இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. சொல்ல வேண்டிய வார்த்தையை அவர்கள் மொழியில் சரியாகச் சொல்கிறேன். "வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை." ஆண்கள் கையைக் குவித்துத் தட்டுகிறார்கள், வீடு அதிர்கிறது. எபேலி எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். "இருங்க," என்கிறேன். மறுபடி உட்காருகிறார், முகத்தில் பயம் திரும்பி வருகிறது. "இந்தப் பல்ல நான் வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறேன். வயசான பொம்பள. அவர் கையில வச்சி அனுப்புங்க. என் வீட்டுலருந்து போகட்டும்." அவருக்குப் புரியவில்லை. "தலைவர் கையிலா? அதுக்குத்தான் அங்க பெருசா ஒண்ணு..." "அது பக்கத்துல இருக்கட்டும். கையில இது. கயித்த அவுத்துறாதீங்க, மணிக்கட்டுல நல்லாச் சுத்திக் கட்டி வைங்க. அத மட்டும் எனக்காகச் செய்ங்க." எபேலியின் வாய் கோணுகிறது. அவ்வளவு பெரிய மனிதர், தொந்தி குலுங்கக் குலுங்க அழுகிறார். "ரூசியம்மா, நாங்க உனக்குச் செஞ்சதுக்கு... உம் மனசு யாருக்கு வரும்," என்று என் காலுக்கு முன்னால் நெற்றி படக் குனிகிறார். மற்றவர்களும் கண்ணைத் துடைக்கிறார்கள். ஊர் முழுக்கச் சொல்வார்கள் இனிமேல், பேரப்பிள்ளைகளுக்கு நெருப்பென்ன, மேல்கோடியில் இடமே கிடைக்கும். பல்லை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன், அவர் அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கித் துணியில் சுற்றிக்கொள்கிறார்.

போகிறார்கள். வெயிலில் வரிசையாக, பெரிய வீட்டைப் பார்த்து. எபேலி இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்கிறார், நான் ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறேன், என் வழக்கமான இடம். ரூசி பக்கத்தில் வந்து நின்று, என் தோளில் முகத்தை வைத்து, "அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரும்மா" என்கிறாள். ஆமாம், பட்டிருப்பார், அவருக்குக் காரணமே வேண்டாம். கட்டுங்கள், நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், மூன்று முடிச்சும் உள்பக்கம் அவர் தோலில் படுகிற மாதிரி. மேட்டு மண்ணைத் தொடக் கூடாது என்றீர்களே ராத்து, உங்கள் கையாலேயே பிடித்துக்கொண்டு போங்கள். விட முடியாது, உதற முடியாது, விரலைத் துடைத்துக்கொள்ள வேட்டியும் இல்லை. உங்கள் அப்பா கேட்பார், இது என்ன மஞ்சள் என்று. சொல்லுங்கள். உங்களை மன்னித்தேனா? ஒரு நாளும் இல்லை. நீங்கள் வாங்கினது போலத்தான் நானும் வாங்கினேன். இங்கே பாருங்க, ரூசியப்பா, உங்களைத்தான், நீங்க பின்னின கயிறு போகுது, கடல்ல எங்க கிடக்கிறீங்களோ, எழுந்து அதைப் பிடிச்சிக்கிட்டு உள்ளே போங்க, அப்பா காலடியில படுத்துக்கோங்க, அண்ணன் கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டும். என் அம்மாவும் உங்ககூட வருவா, கரும்புத் தோட்டத்துக்காரி, அவளுக்கும் ஒரு ஓரம் கொடுங்க. சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து சத்தம் வருகிறது, கிளிஞ்சலைத் தள்ளுகிற சத்தம், அப்புறம் மண்வெட்டி. மருமகன்தான் முதல் வெட்டு வெட்டியிருப்பான், பலமான கை அவனுக்கு. "ரூசி," என்கிறேன், "அந்த மரவள்ளிக்கிழங்க எடுத்து வை, டின் மீன் இருந்தா அதையும் வை. பசிக்குது."